கன்னியப்பனின் அசல் சுருதி

கீபோர்டின் சின்னத் திரையில் பூஜ்யம் எரிந்துகொண்டிருந்தது.

பாரிவாக்கத்தில் ஒரு குறுக்குத் தெரு. தெருவை அடைத்துப் போட்ட ஷாமியானா. அதன் ஒரு முனையில் மாலை போட்ட பெரிய படம், படத்தைச் சுற்றி ஓடும் சீரியல் பல்பு. படத்துக்குள் எங்கள் கன்னியப்பன் அண்ணாத்தே. யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்து நீல வானத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். வெட்டியவன் அவசரக்காரன் போலிருக்கிறது. அண்ணாத்தேயின் இடது காதில் பாதி அந்தக் கல்யாணத்திலேயே தங்கிவிட்டது.

படத்துக்குக் கீழே அவருடைய கீபோர்டு. அதற்குப் பின்னால் ஆவடி டேனியல் உட்கார்ந்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் காலையில் முடிந்திருந்தது. மாலையில் படத்திறப்பு, அதன் பிறகு இசை அஞ்சலி. எங்கள் வட்டாரத்தில் பாட்டு, மேளம், மைக் என்று எதையாவது பிடித்துப் பிழைத்தவர் போய்விட்டால், கூட வாசித்தவர்கள் வந்து ஆளுக்கொரு பாட்டு போட்டுவிட்டுத்தான் கலைவார்கள். அதைத் தொகுத்து வழங்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் மைக்கைப் பிடித்தபடி அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தேன். எனக்கு விக்கல் வந்தது.

விக்கல் வரும் விதம்

பதற்றம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். எனக்கு விக்கல். என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் வந்தது. மாமனார் என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தார். இன்றுவரை அவருடைய சந்தேகம் தீரவில்லை.

மேடையில் வந்தால் மட்டும் பிரச்சினையில்லை. ஜோக்கு சொல்கிறவன் விக்கினால் அதுவும் ஜோக்கு என்று ஜனம் கைதட்டும்.

பூந்தமல்லியில் மெட்ரோ தூணோடு நான் சண்டை போட்ட கதையைப் போன வாரம் இந்தப் பக்கத்தில் படித்துவிட்டு, "உங்களுக்குப் பயம் என்பதே கிடையாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐயா, இந்த வாரத்தை உங்களுக்குச் சமர்ப்பிக்கிறேன். ஒரு சொம்பு தண்ணீரோடு உட்காருங்கள்.

நாலு பேர் குழு

ஒரு காலத்தில் எங்கள் குழுவில் பத்துப் பேர் இருந்தோம். கிடார், புல்லாங்குழல், டிரம்பெட் எல்லாம் உண்டு. பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவர் துபாய் போனார். ஒருவர் கால் டாக்ஸி ஓட்டப் போனார். டிரம்பெட்காரர் பல் கட்டிக்கொண்டார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

மிஞ்சியவர்கள் நாலு பேர். கன்னியப்பன் கீபோர்டு; ஆண் குரல் பாட்டுகளையும் வாசித்துக்கொண்டே அவரே பாடிவிடுவார். பெண் குரல், அவர் மனைவி மல்லிகா அண்ணி. ரிதம் பேடு, பூந்தமல்லி ரஃபீக். அப்புறம் நான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஜனம் பந்திக்கு எழுந்து ஓடாமல் உட்காரவைக்கிற வேலை.

கன்னியப்பன் பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்தார். மாலையில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத மிஷின் எண்ணெய் நகக்கண்ணில் கறுப்பாக நிற்க, அந்த விரல்களை வெள்ளைக் கட்டைகளின் மேல் வைப்பார். கீபோர்டுக்கு உறை, மல்லிகா அண்ணியின் பழைய வாயில் புடவை. மேடையில் அதைப் பிரித்ததும் முதலில் வருவது பாட்டு இல்லை, பீரோவில் போட்ட பாச்சை உருண்டை வாசனை.

பந்தியில் இலைக்கு வரும் இனிப்பை அவர் தின்று நான் பார்த்ததில்லை. கர்சீப்பில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். மகள் கவிதாவுக்கு. அவளுக்குக் கல்யாணமாகிக் காட்டுப்பாக்கத்தில் குடித்தனம் போன பிறகும் மடித்தார். அவளுக்குச் சர்க்கரை வந்த பிறகும் மடித்தார்.

"அண்ணாத்தே, பொண்ணுக்கு ஸ்வீட்டு ஆவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரே. அப்புறம் இன்னாத்துக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவ துன்ன வாணாம் மாமே. நைனா எட்துனு வந்தாருன்னு தெரிஞ்சா போதும்."

அதனால் அவருடைய எல்லாச் சட்டைகளிலும் பைக்குக் கீழே வட்டமாக ஒரு நெய்க்கறை இருக்கும். நீல வானத்துக்கு முன்னால் நின்ற அந்தப் படத்திலும் இருந்தது. காதை வெட்டியவன் கறையை விட்டுவைத்திருந்தான். அதற்காக அவனை மன்னித்தேன்.

ஒரிஜினல் ஸ்கேல்

எங்கள் தொழிலில் கௌரவம் என்றால் ஒரிஜினல் ஸ்கேல்தான். சினிமாவில் எந்தச் சுருதியில் பாடி வைத்தார்களோ, மேடையிலும் அதே சுருதியில் பாட வேண்டும். வயதாக ஆக மேல் ஸ்தாயி எட்டாது. அப்போது அரைக் கட்டை, ஒரு கட்டை என்று இறக்கிப் பாடுவார்கள். இறக்குவது பாவமில்லை. ஆனால் இறக்காதவர்கள் தலை நிமிர்ந்து நடப்பார்கள்.

மல்லிகா அண்ணி தலை நிமிர்ந்து நடந்தவர்.

அவருக்கென்று ஒரு பாட்டு உண்டு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் முணுமுணுக்க ஆரம்பித்து என்னை அம்போ என்று விட்டுவிடுவீர்கள். பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழாவில், வர வேண்டிய பாடகி வராமல், கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து அந்தப் பாட்டைப் பாடினாள். கீபோர்டில் இருந்தவர் கன்னியப்பன். சரணத்தில் ஒரு இடம், ஏணி வைத்தாலும் எட்டாது. அந்தப் பெண் சாதாரணமாகப் போய்த் தொட்டுவிட்டு இறங்கினாள். அடுத்த தை மாதம் கல்யாணம்.

அன்றிலிருந்து எந்தக் கச்சேரியானாலும் அந்தப் பாட்டு உண்டு. அதற்கு முன்னால் என் அறிவிப்பும் உண்டு. "படத்தில் கேட்ட அதே சுருதியில், ஒரு முடியளவும் குறையாமல், இதோ, உங்கள் மல்லிகா!"

மூன்று தட்டு

சில வருஷங்களுக்கு முன் அண்ணிக்குக் கழுத்தில் ஒரு ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு காட்டுப்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் கச்சேரி. சரணத்தில் அந்த இடம் வந்தது. குரல் மேலே போய், நடுவில் இரண்டாகப் பிளந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை சிரித்தது. குழந்தைதான். ஆனாலும் சிரிப்பு.

அண்ணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஷேர் ஆட்டோவில் வரும்போது முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "இனிமே நா மேடை ஏற மாட்டேன்" என்றார்.

அவரைச் சமாதானப்படுத்தி அடுத்த கச்சேரிக்கு அழைத்து வர அண்ணாத்தே என்னென்ன செய்தாரோ தெரியாது. அங்கே அந்தப் பாட்டுக்கு முன்னால் என்னைப் பக்கத்தில் இழுத்தார்.

"மாமே, ஒரு ஜோக்கு போடு. நீட்டமா போடு. மல்லிகா உன் பக்கம் பாக்குற மாரி போடு."

போட்டேன். என்ன ஜோக்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேலை இருக்கிறது. மண்டபங்களில் செருப்புத் தொலைவது வழக்கம்தானே. மைக்கில் அறிவிப்புக் கொடுக்கிற குரலில் சொன்னேன்: "ஐயா ஒருவர் இடது கால் செருப்பைக் காணோம் என்று மேடைக்கு வந்திருக்கிறார். எடுத்துப் போனவர் தயவுசெய்து வந்து வலது காலையும் வாங்கிக்கொண்டு போகவும். தனித்தனியா வெச்சுக்கினு ரெண்டு பேரும் இன்னா பண்ணப் போறீங்க?"

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு அடியில், என் முதுகுக்குப் பின்னால், டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு கேட்டது.

கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. ஒருமுறை தட்டினால் முழு வாத்தியமும் அரைக் கட்டை இறங்கிவிடும். வாசிக்கிறவர் விரல் மாறாது, வருகிற சத்தம்தான் கீழே வரும். திரும்பிப் பார்த்தேன். திரையில் மைனஸ் மூன்று. அண்ணாத்தே என்னைப் பார்த்து, உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தார். நகக்கண்ணில் எண்ணெய்க் கறை.

அண்ணி பாடினார். அந்த இடம் வந்தது. போய்த் தொட்டுவிட்டு இறங்கினார்.

திரும்பும்போது ஆட்டோவில் அவர் கேட்டார். "தொண்ட திரும்ப வந்துட்ச்சு இல்ல?"

"வராம எங்க பூடும்?" என்றார் அண்ணாத்தே, வெளியே பார்த்துக்கொண்டு.

அந்தக் கீபோர்டுக்கு ஒரு குணம். ஸ்விட்சை அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி போட்டால் பூஜ்யத்தில் வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு கச்சேரியிலும் அவர் புதிதாக மூன்று தட்டு தட்ட வேண்டும், நான் புதிதாக ஒரு ஜோக்கு சொல்ல வேண்டும். ரஃபீக்குக்குக்கூடத் தெரியாது. ரிதம் பேடுக்குச் சுருதி கிடையாது. அவன் தாளத்தைத் தவிர வேறெதையும் காதில் போட்டுக்கொள்ளாத ஜென்மம்.

அண்ணியின் தலை நிமிர்ந்தே இருந்தது. நானும் ஒவ்வொரு முறையும் "ஒரு முடியளவும் குறையாமல்" என்று முழங்கினேன்.

ஒருநாள் காலையில் கன்னியப்பன் பால் வாங்கிக்கொண்டு வந்தார். பாக்கெட்டை மேஜையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

மறுபடியும் பூஜ்யம்

இப்போது தெரிகிறதா, எனக்கு ஏன் விக்கல் வந்தது என்று?

அண்ணி பாடப்போகிறார். அதே பாட்டு. கவிதாதான் வந்து என் காதில் சொன்னாள். "அம்மா ஒரே ஒரு பாட்டு பாடணும்னு சொல்லுது மாமா. நைனா படத்துக்கு முன்னால."

பெண்கள் வரிசையில் அண்ணியின் நாத்தனார் எல்லார் காதிலும் விழும்படியே சொல்லிக்கொண்டிருந்தார். "பதினாறாம் நாளே மைக்கு கேக்குதா இவளுக்கு?"

பூஜ்யத்தில் பாடினால் குரல் பிளக்கும். நாத்தனாருக்குப் பேச்சுக் கிடைக்கும். அதுகூடப் பரவாயில்லை. இத்தனை வருஷமாகத் தன் தொண்டை என்று நம்பியது தன் புருஷனின் விரல் என்று அண்ணிக்குத் தெரிந்துவிடும். கேட்டுச் சண்டை போடக்கூட அந்த ஆள் இல்லை. மாலைக்குள் இருக்கிறார், அரைக் காதோடு.

டேனியலிடம் குனிந்தேன். டேனியல் எங்கள் போட்டிக் குழுவின் கீபோர்டு. ஆவடிப் பக்கம் எந்தத் திருவிழாவுக்கும் அவரா நாங்களா என்று இழுபறியாக இருக்கும்.

"அண்ணே, அண்ணி பாட்டுக்கு... கொஞ்சம்... விக்!"

"இன்னாபா கொஞ்சம்?"

"கொஞ்சம் எறக்கி வாசிச்சீங்கன்னா... அழுத தொண்ட... விக்!"

டேனியல் கண்ணாடியைக் கழற்றினார். "யோவ், யாரு படத்துக்கு முன்னால குந்திக்கினு கீறேன், தெரியுதா? எத்தினி வருசம் இந்தாளு கூட மல்லுக்கட்டிகீறேன். ஒரு தபா எறக்கி வாசிச்சதுண்டா அவரு? நான் எறக்குனேன். எங்க பாட்டுக்காரிக்கு எறக்குனேன். அதுக்கு நீ மைக்ல இன்னா பேரு வெச்ச எனக்கு? 'படிக்கட்டு டேனியல்'. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. நல்ல ஜோக்கு அது.

"இன்னிக்கு அந்த மனுசனுக்கு மரியாதியா ஒரிஜினல் ஸ்கேல்ல வாசிக்கப்போறேன். எறக்குனா அது அவருக்கு அசிங்கம். போ, தண்ணி குடி."

உண்மையைச் சொன்னால், இத்தனை வருஷமாக அண்ணாத்தே மறைத்ததை அவருடைய போட்டிக்காரரிடமே, அவருடைய படத்துக்கு முன்னாலேயே உடைத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் அண்ணி உடைவார்.

எனவே கீபோர்டு வைத்திருந்த மேஜைக்கு அடியில் நுழைந்தேன்.

கரன்ட் போனால் பாட்டு நிற்கும் என்பது திட்டம். அதற்கு அடுத்த படியை நான் யோசிக்கவில்லை. பதறுகிறவன் யோசிப்பதில்லை. ஒயர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கறுப்பாக இருந்த ஒன்றைப் பிடித்து இழுத்தேன்.

கீபோர்டின் திரை எரிந்துகொண்டேயிருந்தது. படத்தைச் சுற்றி ஓடிய சீரியல் பல்பு அணைந்துவிட்டது.

"ஐயோ, வெளக்கு அணஞ்சுட்ச்சே!" என்று நாத்தனார் அலறினார். ஷாமியானா முழுக்க ஒரு முனகல் ஓடியது. ரஃபீக் குனிந்து என்னைப் பார்த்தான்.

"மச்சான், கீழ இன்னாடா பண்ற?"

"பேனா வுயிந்துட்ச்சு."

"உங்கிட்ட ஏதுடா பேனா?"

பிளக்கைச் சொருகிவிட்டு எழுந்தேன். தலை மேஜையில் இடித்தது. கன்னியப்பன் படத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் எப்போதும் அப்படித்தான் சிரிப்பார், பல் தெரியாமல்.

அண்ணி எழுந்து வந்துகொண்டிருந்தார். மைக் என் கையில் இருந்தது. நான் ஏதாவது பேச வேண்டிய நேரம். எத்தனையோ மேடைகளில் இந்த நேரத்தில்தான் நான் ஜோக்கு சொல்லியிருக்கிறேன். ஜனம் என் வாயைப் பார்க்கும், பின்னால் அவர் கை வேலை செய்யும். நான் அவருக்கு முன்னால் தொங்கும் திரைச்சீலை, அவ்வளவுதான். இப்போது திரை மட்டும் நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஆள் இல்லை.

விக்கல்கூட நின்றுவிட்டது.

அண்ணி

அவர் மைக்குக்கு வரவில்லை. நேராகக் கீபோர்டுக்குப் போனார். டேனியலின் தோளருகே குனிந்து, படத்துக்கு முன்னால் சூடத்தட்டை நகர்த்துவது போலச் சாதாரணமாக, மெல்லிய குரலில் சொன்னார்.

"டேனியலு, அவரு மூணு தட்டு தட்டுவாரு. நீ நாலா தட்டு. பதினாறு நாளா அழுதுகினு கீறேன், தொண்ட கட்டிகினு கீது."

டேனியல் அண்ணியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். 'படிக்கட்டு' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அண்ணி," என்றேன், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு. "உங்களுக்கு... எப்பத்திலிருந்து...?"

"மொத தபாவே தெரியும். பாடுறவளுக்குத் தன் தொண்ட எங்க நிக்குதுன்னு தெரியாதா?"

"அப்புறம் ஏன் அவருகிட்ட ஒரு வார்த்த..."

"திருடனாட்டம் மூணு தட்டு தட்டிட்டு, நான் பாத்துட்டனான்னு என் மூஞ்சியப் பாப்பாரு பாரு. அந்த மூஞ்சிய எதுக்கு நான் கெடுக்கணும்?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ இன்னா மரமாட்டம் நிக்கிற? அவரு தட்டும்போதெல்லாம் ஜோக்கு சொல்லுவல்ல? சொல்லு."

"இங்கயா அண்ணி? இப்பவா?"

"சொல்லுடா."

எனக்கு ஆயிரம் ஜோக்கு தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது ஒன்றே ஒன்று. பாதி சொன்ன பிறகுதான் எந்த இடத்தில் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. நிறுத்த முடியவில்லை.

"...எடுத்துப் போனவர் தயவுசெய்து வந்து வலது காலையும் வாங்கிக்கொண்டு போகவும். தனித்தனியா வெச்சுக்கினு ரெண்டு பேரும் இன்னா பண்ணப் போறீங்க?"

ஷாமியானாவில் யாரும் சிரிக்கவில்லை. பின்னால் எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது. நாத்தனார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

அண்ணி சிரித்தார். முதலில் மூச்சுப் போல, பிறகு தோள் குலுங்க. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். கவிதா சிரித்தாள். ரஃபீக் பேடின் மேல் கவிழ்ந்துகொண்டான், சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. அந்தச் சிரிப்புக்கு அடியில், என் முதுகுக்குப் பின்னால், டொக், டொக், டொக்.

கொஞ்சம் தயங்கி, இன்னொரு டொக்.

நான் நிமிர்ந்து நின்றேன். "படத்தில் கேட்ட அதே சுருதியில்," என்றேன். என் குரல்தான் பிளந்தது. "ஒரு முடியளவும் குறையாமல், இதோ, உங்கள் மல்லிகா."

டேனியல் ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஊரே பார்க்கும்படி ஆட்டினார்.

அண்ணி படத்தைப் பார்த்துப் பாடினார். சரணத்தில் அந்த இடம் வந்தது. எட்டிப் பிடிக்கவில்லை, பக்கத்தில் போய் நின்றார், தொட்டார், இறங்கினார். பெண்கள் வரிசையில் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு அழுதார்.

எல்லாம் முடிந்தது. நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். ரஃபீக் பேடைப் பையில் போட்டான். ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றினான். கவிதா புடவை உறையைக் கொண்டுவந்து டேனியலிடம் கொடுத்தாள். பாச்சை உருண்டை வாசனை வந்தது.

டேனியல் கீபோர்டின் ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். திரையில் மைனஸ் நான்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்தால் மறந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், அவரும் கீபோர்டுக்காரர்தானே.

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார்.